சாவி கொடுக்கும் பழைய இங்கிலாந்துப் பாக்கெட் கடிகாரம்: திறப்பது, செய்தவரைத் தேடுவது, ஓடவைப்பது

பழைய பாக்கெட் கடிகாரம் ஒன்று கைக்கு வந்துவிட்டால், சாவி கொடுத்துப் பார்க்காமல் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பல வருடம் ஓடாமல் கிடந்த கடிகாரத்தில் எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய எஃகுச் செயின் துருப்பிடித்திருக்கலாம். அந்த நிலையில் சாவியைத் திருகினால் செயின் அறும். அறுந்த செயின் ஸ்பிரிங்கின் முழு வேகத்தோடு சுழன்று பக்கத்தில் இருப்பதையும் அடித்துக் கெடுக்கும். முதலில் திறந்து பாருங்கள், பிறகு எழுத்துகளையும் முத்திரைகளையும் படியுங்கள். சாவியைக் கடைசியில் எடுத்தால் போதும்.

இங்கே சொல்வதெல்லாம் ஏறக்குறைய 1700 முதல் 1890கள் வரை இங்கிலாந்தில் செய்த, சாவியால் முடுக்குகிற, ஃப்யூஸி வைத்த கடிகாரங்களுக்குப் பொருந்தும். ஃப்யூஸி என்பது சுற்றிலும் வரிப்பள்ளம் வெட்டிய ஒரு பித்தளைக் கூம்பு. மெயின்ஸ்பிரிங் அடைத்த பீப்பாயிலிருந்து செயின் வந்து இந்தக் கூம்பில் சுற்றிக்கொள்ளும். ஸ்பிரிங் முழு இறுக்கத்தில் இருக்கும்போது செயின் கூம்பின் குறுகிய பக்கத்தை இழுக்கும், தளரத் தளர அகன்ற பக்கத்துக்கு வரும். அதனால் சக்கரங்களுக்குப் போகும் விசை நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சுவிஸ்காரர்கள் இதைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் ஆங்கிலேயர்கள் விடவில்லை. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதிக் கடிகாரம் ஒன்றில் ஃப்யூஸி இருந்தால், அது இங்கிலாந்து வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கையில் வேண்டியவை: முத்திரை படிக்கப் பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), உட்பகுதியைப் பார்க்க மூன்று அல்லது ஐந்து மடங்கு லூப், நுண்ணிய அளவு எடுக்க ஒரு வெர்னியர், கூர் சீவிய மூங்கில் குச்சி, விரல் உறை, விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்று. தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்தே திறக்க வேண்டும். அடுத்தடுத்த படிக்குப் போகும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திறப்பது

1830கள் வரை, நாட்டுப்புறத்தில் அதற்குப் பின்னும், இரட்டைக் கேஸ்தான் வழக்கம். வெளிக் கேஸின் ஓரத்தில், 3 மணிப் பக்கம், ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வெளிக் கேஸ் திறக்கும். உள்ளே முழுக் கடிகாரமும் இன்னொரு கேஸில் உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி எடுத்ததும் வெளிக் கேஸின் உட்பக்கத்தைப் பாருங்கள். பல கடிகாரங்களில் அங்கே வட்டமாக வெட்டிய காகிதம் ஒன்று இருக்கும்: பழுது பார்த்த கடைக்காரரின் அச்சிட்ட விளம்பரம், அதன் பின்புறம் மையில் கையால் எழுதிய தேதி, சில சமயம் உரிமையாளர் பெயர். ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்துகூட இருக்கும். கடிகாரத்தின் வரலாற்றுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. கிழியாமல், அதே வரிசையில், இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பசை போடாதீர்கள்.

உள் கேஸின் முதுகில் ஒரு துளை இருக்கும், அதுதான் சாவித் துளை. இரட்டைக் கேஸில் அந்த முதுகு திறக்காது. கத்தி விட்டு நெம்ப வேண்டாம். முன்பக்கம் 6 மணிக்கு நேராகக் கண்ணாடி வளையத்தின் உதட்டில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினால் கண்ணாடி திறக்கும். டயலின் விளிம்பில், அதே 6 மணி இடத்தில், ஒரு சிறு எஃகு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தாலோ மூங்கில் குச்சியாலோ டயலின் மையத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே தூக்கினால், 12 மணிக் கீலில் முழு இயந்திரமும் வெளியே திரும்பும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது வழுக்கினால் பீங்கான்பூச்சு டயலின் ஓரம் பொரிந்துபோகும், திரும்ப ஒட்டாது. 6 மணிப் பக்கம் உடைந்த டயல்கள் இவ்வளவு காணப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இயந்திரத்தின் மேல் பொன்முலாம் பூசிய பித்தளை மூடி இருந்தால் அது தூசிக் கவசம். அதன்மேல் பிறை வடிவில் நீல எஃகுப் பட்டை ஒன்று இருக்கும். அதைப் பக்கவாட்டில் நகர்த்தியதும் மூடி நேராக மேலே வந்துவிடும்.

எந்த வகை என்று தெரிந்துகொள்வது

ஸ்பிரிங்கின் விசையைத் துடிப்புத் துடிப்பாக விடுவிக்கும் முறையை வைத்து வெர்ஜ், லீவர் என்று வகை பிரிப்பார்கள். தகடுகளின் இடையே பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். கிரீடம்போல் பல் நின்ற ஒரு சக்கரம் படுக்கை அச்சில் இருந்தால் அது வெர்ஜ். அதன் பற்கள், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் தண்டில் இருக்கும் இரண்டு சிறு இறக்கைகளை மாறி மாறித் தள்ளும். விநாடி முள் இருக்காது, விசை கிடைத்ததும் தானாகவே ஓடத் தொடங்கும். விநாடிக்குத் தனி வட்டம் இருந்து, லேசாகச் சுழற்றினால்தான் ஓடத் தொடங்குகிறது என்றால் அது அநேகமாக லீவர்.

தாமஸ் மட்ஜ் லீவர் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கினார். அது பரவ நாளாயிற்று. லிவர்பூலில் பீட்டர் லிதர்லேண்ட் 1791இல் ரேக் லீவர் என்ற ஆரம்பகால வகைக்குக் காப்புரிமை வாங்கினார், எட்வர்ட் மாஸி 1814இல் தன் லீவருக்கு வாங்கினார். 1820களுக்குப் பிறகுதான் லீவர் பெருகியது. வெர்ஜ் செய்வது அதற்கு அப்புறமும் வெகுநாள் தொடர்ந்தது. எனவே வெர்ஜ் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ‘பதினெட்டாம் நூற்றாண்டு’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

லீவரிலும் இங்கிலாந்து வேலையைப் பிரித்தறிய முடியும். விசையைப் பல் பல்லாக விடுவிக்கும் எஸ்கேப் சக்கரம் பித்தளையில், ஊசிபோல் கூரிய பற்களோடு இருந்தால் இங்கிலாந்து. எஃகில், பல்லின் நுனி தடித்து இருந்தால் சுவிஸ். வேகம் திருத்தும் முள்ளின் அருகே ‘ஸ்லோ’, ‘ஃபாஸ்ட்’ என்ற சொற்கள் இருந்தால் இங்கிலாந்து, ‘ஏ’, ‘ஆர்’ என்று எழுத்து மட்டும் இருந்தால் பிரெஞ்சு பேசும் ஊர். பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும், பூவேலை செய்த மேல்தாங்கி ஒரே காலில், ஒரே திருகாணியில் நிற்பது ஆங்கில வழக்கம். இரண்டு பக்கமும் கால் வைத்த பாலம் ஐரோப்பியக் கண்டத்து வழக்கம்.

இந்தக் கடைசிக் குறி மிக முக்கியம். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் கடிகாரத்துக்கு இருந்த மதிப்பால், ‘லண்டன்’ என்று பொய்யாகப் பொறித்த கடிகாரங்கள் ஐரோப்பாவில் ஏராளமாகச் செய்யப்பட்டன. சேகரிப்பவர்கள் அவற்றை ‘டச்சுப் போலி’ என்பார்கள். டார்ட்ஸ், வில்டர் போன்ற பெயர்கள், இரண்டு கால் பாலம், நிமிடக் கோடு எண்களுக்கு மேல் வளைவு வளைவாகப் போகும் டயல், இவை மூன்றும் சேர்ந்திருந்தால் முடிவுக்கு வந்துவிடலாம்.

பெயர் யாருடையது?

மேல்தகட்டில் ஒரு பெயர், ஓர் ஊர், ஓர் எண் பொறித்திருக்கும். ‘இவர்தான் செய்தவர்’ என்று அதைக் கண்டதும் எழுதிவிடுவதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கடிகாரம் ஒருவர் கையால் முழுமையானதல்ல. லங்காஷயரில் பிரெஸ்கட் என்ற சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தகடு, சக்கரம், பீப்பாய், ஃப்யூஸி எல்லாம் சேர்ந்த, இன்னும் முடிக்காத கரட்டு இயந்திரம் தயாராகும். அது லண்டன் கிளர்க்கன்வெல்லுக்கோ கோவென்ட்ரிக்கோ லிவர்பூலுக்கோ போகும். அங்கே டயல், முள், கல் பதிப்பு, பொறிப்பு, முலாம், கேஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வீட்டில், தனித்தனி ஆளிடம் நடக்கும். ஃப்யூஸி செயின் மட்டும் அப்போது ஹாம்ப்ஷயரைச் சேர்ந்திருந்த கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்தது. ராபர்ட் காக்ஸ் 1790இல் அங்கே தொடங்கிய தொழிலில் பெண்களும் சிறுமிகளும் கண் நோக இந்த இணைப்புகளைக் கோத்தார்கள். செயினை லூப்பில் பார்க்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது: ஒரு சாண்கூட வராத நீளத்தில் நூற்றுக்கணக்கான தகட்டுத் துணுக்குகள், ஒவ்வொன்றிலும் தறையடித்த ஆணி.

ஆகப் பெயர் என்பது பெரும்பாலும் முடித்து விற்ற பட்டறையின் பெயர், அல்லது வெறும் கடைக்காரரின் பெயர். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டிலிருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் டயலில் இருந்தால் அது விற்ற கடையைச் சொல்கிறது. இயந்திரம் வேறெங்கோ பிறந்தது. அதற்காகப் பெயர் பயனற்றது என்று அர்த்தமில்லை. தேடலை இந்த வரிசையில் செய்யுங்கள்.

பெயர், ஊர், எண் மூன்றையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் என்றால் 1631இல் அரச சாசனம் பெற்ற கடிகாரக் கைவினைஞர் சங்கத்தின் பயிற்சி, உறுப்பினர் பதிவுகளில் தேடலாம். யாரிடம் பயின்றார், எந்த ஆண்டு உறுப்பினரானார் என்பது கிடைக்கும். வெளியூர் என்றால் அந்த ஊரின் வணிகக் கையேடுகள், பழைய நாளிதழ் விளம்பரங்கள், 1841 முதலான மக்கள்தொகைக் கணக்கு ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே பெயரில் தாத்தா, மகன், பேரன் மூவரும் தொழில் செய்திருப்பார்கள், அதனால் ஆண்டு தெரியாமல் பெயரை மட்டும் பொருத்தக் கூடாது.

பிரெஸ்கட் இயந்திரக்காரரின் முத்திரை டயலுக்கு அடியில், கீழ்த்தகட்டில் இருக்கும். ‘ஜே.டபிள்யூ.’ என்றால் ஜான் விச்சர்லி, ‘ஜே.பி.’ என்றால் ஜோசப் பிரெஸ்டன் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அது லங்காஷயர் அளவு. 0 என்பது 1 அங்குலமும் முப்பதில் ஐந்து பங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் எண்ணுக்கும் முப்பதில் ஒரு அங்குலம் கூடும். 14 என்றிருந்தால் தகட்டின் விட்டம் ஏறக்குறைய 41.5 மி.மீ. வரவேண்டும். டயலைக் கழற்ற அதன் கால்களில் செருகிய சிறு ஊசிகளை உருவ வேண்டும். இதற்கென்றே செய்யாமல், சுத்தம் செய்ய ரிப்பேர்காரரிடம் கொடுக்கும்போது படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

தாமஸ் டாம்பியன், ஜார்ஜ் கிரஹாம், டேனியல் குவேர் போன்ற பெரிய பெயர் இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். டாம்பியன் 1713இலும் கிரஹாம் 1751இலும் இறந்தவர்கள். கேஸின் முத்திரையும் தாங்கியின் வேலைப்பாடும் அதற்குப் பிற்பட்டதாக இருந்தால் பெயர் யாரோ சேர்த்தது.

ஹால்மார்க் படிப்பது

ஹால்மார்க் என்பது வெள்ளி, தங்கத்தின் தரத்தைச் சோதித்து அடித்த முத்திரை. அது கேஸின் வயதைத்தான் சொல்லும், இயந்திரத்தின் வயதையல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங் வெள்ளி. சிறுத்தை முகம் லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், வாளும் மூன்று கோதுமைக் கட்டும் செஸ்டர். இரண்டு மூன்று எழுத்து சேர்ந்த முத்திரை கேஸ் செய்தவருடையது. தகட்டில் இருக்கும் பெயரோடு அது பொருந்த வேண்டியதில்லை. தங்கத்தில் கிரீடமும் 18உம் இருந்தால் 1798 அல்லது அதற்குப் பின். 9, 12, 15 காரட் மூன்றும் 1854இல்தான் வந்தன.

தனியாக நிற்கும் ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும். லண்டனில் இருபது எழுத்து ஒரு சுற்று. ‘கே’ என்ற எழுத்தை எடுத்துக்கொண்டால் 1785, 1805, 1825, 1845, 1865, 1885 ஆறுமே வரும். எழுத்தின் வடிவத்தால் பிரிக்க வேண்டும்: 1785இலும் 1825இலும் சாதாரணச் சிறிய எழுத்து, 1805இலும் 1885இலும் சாதாரணப் பெரிய எழுத்து, 1845இல் கோதிக் பெரியது, 1865இல் கோதிக் சிறியது. மீதியைச் சிறுத்தை தீர்த்துவைக்கும். 1821 வரை அதன் தலையில் கிரீடம் உண்டு, அதற்குப் பின் இல்லை. 1784இல் வந்த வரி முத்திரையான அரசர் தலையும் உதவும். கடிகாரக் கேஸ்களுக்கு அந்த வரி 1798இல் நீங்கியது. ஆகவே அரசர் தலையுள்ள கேஸ் அந்தப் பதினாலு வருடத்துக்குள் அடங்கும். எழுத்து மாறியது ஜனவரியில் அல்ல, மே மாத இறுதியில். அதனால் 1825 என்பதை 1825–26 என்று எழுதுவதே சரி.

இனி கேஸும் இயந்திரமும் சேர்ந்தே பிறந்தவையா என்று பாருங்கள். உள், வெளிக் கேஸ்களில் ஒரே எண்ணும் ஒரே கேஸ்காரர் முத்திரையும் இருக்கிறதா? சாவித் துளை முடுக்கும் சதுர முனைக்கு நேராக விழுகிறதா? அடைத்த பழைய துளை ஒன்று தெரிகிறதா? தங்கக் கேஸ்கள் உருக்கப்பட்டு, இயந்திரங்கள் அநாதையாகி வேறு கேஸில் ஏறிய கதை நிறைய உண்டு.

சாவி கொடுப்பது

செயின் துருவின்றி இருக்கிறது, கூம்பின் பள்ளத்திலும் பீப்பாயிலும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, பேலன்ஸ் சக்கரம் தடையின்றி ஆடுகிறது என்றால் மட்டும் இந்தக் கட்டத்துக்கு வாருங்கள்.

சதுர முனையின் அகலத்தை வெர்னியரால் அளந்து அதே அளவுச் சாவி வாங்குங்கள். தளர்ந்த சாவி சதுரத்தின் மூலைகளை மழுக்கிவிடும். செங்குத்தாக வைத்து, பெரும்பாலும் இடஞ்சுழியாக, மெதுவாகத் திருப்புங்கள். கிளிக் சத்தமும் ஸ்பிரிங்கின் நெகிழ்வும் தெரிந்தால் திசை சரி. கல்போல் நின்றால் உடனே கையை எடுத்துவிட்டு எதிர்த்திசையைப் பாருங்கள். சில சுற்றுகளில், செயின் கூம்பின் உச்சிக்கு வரும்போது ஒரு சிறு கரத்தைத் தள்ளும், கரம் கூம்பின் மூக்கைத் தடுக்கும். சாவி சட்டென்று நிற்கும். அதுதான் முடிவு, ‘இன்னும் கொஞ்சம்’ என்று அழுத்தினால் செயின் போய்விடும். கடைசிச் சுற்றில் கை இளகியே இருக்கட்டும்.

சாவி கொடுக்கும்போது வெர்ஜ் நின்றுவிடும். அது பழுதல்ல. திருப்பும்போது ஃப்யூஸியிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் விசை அற்றுப்போகிறது. நல்ல லீவர்களில், பதினெட்டாம் நூற்றாண்டுக் கடிகார வல்லுநர் ஜான் ஹாரிசன் வகுத்த துணை ஸ்பிரிங் அந்தச் சில விநாடிகளுக்கு விசை கொடுக்கும், அதனால் அவை நிற்பதில்லை.

முள்ளை விரலால் தள்ளாதீர்கள். மையத்தில் இருக்கும் சதுரத்தில் சாவி வைத்து முன்னோக்கியே திருப்புங்கள். மணியடிக்கும் வகையாக இருந்தால் பின்னோக்கித் திருப்பவே கூடாது.

ஓட்டத்தை எப்படி மதிப்பிடுவது? வெர்ஜ் நாளைக்குச் சில நிமிடம் முன்பின் போவது இயல்பு. அதைத் திருத்தச் சொல்லி ரிப்பேர்காரரைப் படுத்த வேண்டாம். பல ஆங்கில லீவர்கள் மணிக்கு 14,400 துடிப்பு, அதாவது விநாடிக்கு 4. பத்து விநாடி ஒலிப்பதிவு செய்து எண்ணினால் 40 வரவேண்டும். திருத்தும் முள்ளை ஒரு கோடு மட்டும் நகர்த்தி, ஒரு முழு நாள் ஓடவிட்டு, பிறகே அடுத்த கோட்டுக்குப் போங்கள்.

எது ஏன் கெடுகிறது

சாவி முடிவே இல்லாமல் இலகுவாகச் சுற்றினால் செயின் அறுந்திருக்கிறது, அல்லது கொக்கி கழன்றிருக்கிறது. செயினின் இரண்டு முனைக் கொக்கிகளும் ஒரே வடிவமல்ல. பீப்பாய்க்குரியது கூரியது, ஃப்யூஸிக்குரியது உருண்டது. மாற்றி மாட்டிய செயின் சில நாள் ஓடிவிட்டுக் கழன்றுவிடும். சாவியை விட்டதும் அது கையைத் திருப்பிக்கொண்டு பின்னால் ஓடினால் ஃப்யூஸிக்குள் இருக்கும் நாக்கு தேய்ந்திருக்கிறது.

திடீரென்று மணிக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் பேலன்ஸ் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. காரணம் எண்ணெய்க் கசிவு அல்லது காந்தம். ஒலிபெருக்கி, காந்த மூடி வைத்த போன் உறை ஆகியவற்றின் அருகே வைத்திருந்தீர்களா என்று யோசியுங்கள். சிறிய திசைகாட்டியை ஓடும் பேலன்ஸ் மேல் பிடித்தால், காந்தம் ஏறியிருந்தால் ஊசி துடிப்போடு சேர்ந்து நடுங்கும்.

படுக்க வைத்தால் ஓடி, நிமிர்த்தினால் நிற்பது பேலன்ஸ் தண்டின் ஊசிமுனை தேய்ந்ததற்கோ வளைந்ததற்கோ அடையாளம். கீழே விழுந்த கடிகாரத்தில் முதலில் உடைவதும் அந்த முனைதான். ஒவ்வொரு மணிக்கும் ஒரே இடத்தில் நின்றால் முட்கள் ஒன்றையொன்று தொடுகின்றன, அல்லது பிற்பாடு போட்ட தட்டைக் கண்ணாடி மையச் சதுரத்தில் உரசுகிறது.

ரிப்பேர்காரரிடம் கொடுக்கும்போது ஃப்யூஸி வேலை செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடிகாரம் முழுக்க ஓடித் தீர்ந்த பிறகும் பீப்பாயில் முன்கூட்டி ஏற்றிவைத்த இறுக்கம் மிச்சம் இருக்கும். பீப்பாயின் சதுரத்தைச் சாவியால் பிடித்து, தடுக்கும் நாக்கை விலக்கி, செயின் தளரும்வரை மெல்ல இறக்கிய பிறகே எதையும் கழற்ற வேண்டும். விசை இருக்கும்போது பேலன்ஸ் தாங்கியைக் கழற்றினால் வெர்ஜின் கிரீடச் சக்கரம் தறிகெட்டுச் சுழன்று, எதிரில் படுவதில் மோதிப் பல்லை இழக்கும். அந்தச் சக்கரத்துக்கு மாற்று கடையில் கிடைக்காது, கையால் வெட்ட வேண்டும். தகடுகளில் இருப்பது பாதரச முறையில் ஏற்றிய பொன்முலாம்; பாலிஷ் பசை போட்டுத் தேய்த்தால் முலாமும் பொறித்த பெயரும் சேர்ந்து போய்விடும். டயலையும் செயினையும் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் அதிர்வுத் தொட்டியில் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் என்றால் கடிகார எண்ணெய் மட்டும், ஊசி நுனியில் எடுக்கும் அளவு. தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் சில மாதத்தில் பரவிப் பசையாகும். செயினை எண்ணெயில் நனைத்த பின் துணியில் வைத்து, கையில் பிசுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். ஈரச் செயின் தூசியை இழுக்கும்.

கடலோர ஊர்களில் துருதான் பெரிய எதிரி. மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு, விசை தீர்ந்த நிலையில் வையுங்கள். ரப்பர் பேண்ட், செய்தித்தாள் இரண்டும் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கறுத்த கேஸை மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும், முத்திரை இருக்கும் உட்பக்கத்தைத் தேய்க்கவே வேண்டாம்.